எனக்குப் புரியும், நைனா

நைனா,

இன்றைக்கு உன் கையெழுத்தைப் பார்த்தேன். திருப்பத்தூரிலிருந்து தம்பி கொண்டுவந்து கட்டிலில் போட்ட பிளாஸ்டிக் உறையைப் பல்லால் இழுத்துத் திறந்தால், உள்ளே உன் பழைய மனுவின் ஜெராக்ஸ். ஓடும் வண்டியில் உட்கார்ந்து எழுதியதுபோல் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. ‘என் மகளுக்கு மூளை முடக்குவாதம். அவளுக்கு எதுவும் புரியாது. ஆகவே என்னை அவளுடைய பாதுகாவலராக நியமிக்க வேண்டுகிறேன்.’ ‘புரியாது’ என்ற சொல்லின் கீழே யாரோ கோடு போட்டிருக்கிறார்கள்.

நீ போய் ஏழு மாதமாகிறது. உன் இடத்தில் தன்னைப் பாதுகாவலராகப் போடச் சொல்லித் தம்பி மனுக் கொடுத்திருக்கிறான். அவன் காட்டும் ஆதாரம் உன் எழுத்துதான். உன்னோடு சண்டை போட நீ இல்லை. அதனால் இடதுகை ஆள்காட்டி விரலால், போனில், ஒவ்வொரு எழுத்தாக இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்கப் போன இடத்தில், என் கையெழுத்து ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறது, பேச்சும் விளங்கவில்லை, பாதுகாவலர் சான்று கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். புளி மூட்டை ஏற்றும் உன் வண்டியில் என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, மலையிறங்கும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டே ஓட்டினாய்.

பாதுகாவலர் சான்று தரும் குழுவில் இருந்த அதிகாரியம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். “ஏம்மா, உனக்காக உங்கப்பா எல்லாத்தையும் பாத்துக்கட்டுமா? உனக்கு சம்மதமா?”

என்னிடமிருந்து ஒரு சொல் வர வேண்டுமானால் முதலில் கழுத்து திரும்பும், பிறகு வாய் கோணும், அதற்குப் பிறகுதான் சத்தம். ‘எதையெல்லாம்?’ என்று கேட்க நினைத்தேன். கழுத்து திரும்பும்போதே நீ முந்திக்கொண்டாய்.

“அவளுக்கு இதெல்லாம் புரியாதுங்க மேடம்.”

வெளியே வந்து பரோட்டா வாங்கி, சின்னச் சின்னதாகப் பிய்த்து ஊட்டினாய். “சும்மா பேப்பருக்குத்தான் கண்ணு. நமக்குள்ள இன்னா இருக்குது?” என்றாய். பத்தாவது வரை என்னைத் தோளில் தூக்கிப் போய்ப் பள்ளிக்கூட பெஞ்சில் உட்காரவைத்தவன் நீ. எனக்குப் புரியும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

அது பேப்பராக மட்டும் இருக்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் நீ எதையாவது மறுத்தால் சாப்பிடாமல் கிடப்பேன்; இரண்டாம் நாள் இறங்கி வருவாய். அதற்குப் பிறகு நம் சண்டைகள் நின்றுபோயின. ஆலங்காயத்தில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேரலாமென்று பக்கத்து வீட்டுத் தேன்மொழி வந்து கூப்பிட்டபோது, “கையெழுத்து போட வேண்டியவன் நானு. நான் போடல” என்றாய். அவ்வளவுதான். வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே கிடந்தது. என் சக்கர நாற்காலி வாசல்வரை போகும். அதற்கப்புறம் கல்லும் சரிவும். அந்த வாசலில் உட்கார்ந்து, காவலூர் பஸ் வளைவில் மறைகிறவரை பார்ப்பேன். பிறகு நாற்காலியை உள்ளே திருப்புவார்கள். திருப்பட்டுமா என்று யாரும் கேட்டதில்லை.

அந்த ஐப்பசியில் அத்தை உன்னிடம் பேசியதை மறந்திருக்க மாட்டாய். அம்மா போன பிறகு என் தீட்டுத் துணிகளைத் துவைத்தவள் அத்தைதான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. “எத்தினி நாளைக்கு நான் தொவைக்கிறது? நாளைக்கு தம்பிக்குப் பொண்டாட்டி வந்தா அவ தொவைப்பாளா? கர்ப்பப்பைய எடுத்துட்டா இவளுக்கும் நல்லதுதான?” சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன். எனக்குப் புரியாது என்பதால்தானே அவ்வளவு சத்தமாகப் பேசினீர்கள்?

இரண்டு நாள் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், “வவுத்து வலிக்கு ஒரு செக்கப். போய்ட்டு வந்துரலாம்” என்றாய்.

ஆஸ்பத்திரியில் பச்சை அங்கியைப் போட்டுவிட்டார்கள். நர்ஸ் நீட்டிய படிவம் உன் கையில், பேனா உன் கையில். நான் கத்த நினைத்தேன்; உடம்புதான் விறைத்தது. “பயப்படாதம்மா, ஒண்ணும் தெரியாது” என்று நர்ஸ் என் காலைத் தடவினார். துணைக்கு வந்திருந்த தேன்மொழியின் போனைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவள் எடுத்துப் பிடித்தாள். விரல் நடுங்கி நடுங்கித் தப்பும் தவறுமாகக் குத்தியதை அவள் உன் முன்னால் நீட்டினாள்.

“மாமா, இதப் படி.”

‘எனக்கு தெரியும். வேண்டாம். என் உடம்பு.’

நீ இரண்டு முறை படித்தாய். கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினாய். “சுவத்துக்கு அந்தாண்ட படுத்துட்டிருந்தியே… எல்லாம் காதுல வுழுந்துச்சா?” என்று கேட்டாய். என் கழுத்து திரும்பியது, வாய் கோணியது. அன்றைக்குத்தான் முதல்முறையாக நீ முந்திக்கொள்ளாமல் நின்றாய்.

“வுழுந்துச்சு நைனா.”

தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அந்த வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாய்.

அதற்குப் பிறகு தேன்மொழிதான் விசாரித்து வந்து சொன்னாள். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுப்பதுதான் ஒரே வழி என்றில்லை. அவருக்கு நம்பிக்கையானவர்களை அவரே தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் எடுத்துச் சொல்லலாம், அவர் பேச்சை மற்றவர்களுக்கு விளக்கலாம். முடிவு மட்டும் அவருடையது. நீ சிரித்தாய். “இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு? கேட்டா முடிஞ்சிது.” கொஞ்ச நேரம் கழித்து, “கேக்கத்தான் எனக்குத் தெரியல” என்றாய்.

கற்றுக்கொண்டாய், மோசமாகத்தான். காகிதத்தை முழுக்கப் படித்துக் காட்டி, நல்லது கெட்டது சொல்லி, “இன்னா சொல்ற?” என்பாய். பிறகு உன் கால் ஆடத் தொடங்கும். என் வாயில் வராத சொல்லை நீயே எடுத்துக் கொடுப்பாய். நான் நாற்காலியைத் தட்டுவேன். “சரி சரி, வாய மூடிக்கிறேன்.” கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவதென்று நான் முடிவெடுத்தேன். பஸ் குலுக்கலில் முதுகு தாங்காமல் மூன்றாம் வாரமே நிறுத்தவும் நானே முடிவெடுத்தேன். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பது உன் நாக்கு நுனிவரை வந்ததைப் பார்த்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய். அந்த வருஷத்தில் உன்மேல் எனக்குப் பிரியம் மிகுந்த நாள் அதுதான்.

பாதுகாவலர் ஆணையை ரத்து செய்யக் கேட்டுத் தேன்மொழியை வைத்து ஒரு மனு எழுதினாய். “புளி சீசன் முடியட்டும், போய்க் குடுத்துட்டு வந்துரலாம்.” சீசன் முடிவதற்குள், ஆலங்காயத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். வண்டியை விற்றபோது, அதில் இருந்த அந்த மனு எங்கே போனதோ தெரியவில்லை.

தம்பி கெட்டவன் இல்லை நைனா. பயந்தவன். “நாளைக்கு ஆஸ்பத்திரின்னா யாரு கையெழுத்து போடுவாங்கக்கா? நைனாவே எழுதிக் குடுத்திருக்காரு, உனக்குப் புரியாதுன்னு.” எனக்குப் புரியாது என்பதை எனக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் பேசினான்.

நான்கு நாளைக்கு முன் விசாரணை. இப்போது வேறு அதிகாரி, அதே கேள்வி. தம்பி வாயைத் திறந்தான். தேன்மொழி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். “இல்ல” என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. பிறகு போனில் எழுதினேன், தேன்மொழி உரக்கப் படித்தாள்: “எங்க அப்பா அன்னைக்கு பொய் சொன்னார். பிறகு அவரே திருத்திக்கொண்டார்.” திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் தம்பி சொன்னான், “செத்துப்போன மனுசன அத்தினி பேர் முன்னாடி பொய்யன் ஆக்கிட்டியேக்கா.”

அவன் மனுவை நிறுத்திவைத்திருக்கிறார்கள். என்னை மறுபடி பரிசோதிக்க வேண்டும். எனக்குத் துணையாக யார் யார் வேண்டுமென்று நான் எழுதித் தர வேண்டும். அதுவரை கணக்கில் எதையும் தொட முடியாது. பழைய பாதுகாவலர் இறந்துவிட்டார், புதியவர் இல்லை, நானும் இல்லை. காகிதத்தில் எனக்காகப் பேச இப்போது ஒருவரும் கிடையாது.

எழுதிவிட்டேன். முதல் பெயர் தேன்மொழி. இரண்டாவது, தம்பி. சோறு ஊட்ட வந்தவனிடம் போனைக் காட்டி, சம்மதமா என்று கேட்டேன். படித்துவிட்டுத் தட்டோடு எழுந்து போனான். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். கூடவே, அந்தப் பச்சை அங்கி இன்னும் கனவில் வருகிறது.

உன்னை நான் மன்னித்துவிட்டேனா என்று தேன்மொழி கேட்டாள். கழுத்து திரும்பியிருக்கிறது நைனா. சொல் இன்னும் வரவில்லை.