துணி போர்த்திய ஃபிரிட்ஜ்

சியென்ஃபுகோஸ்,
2007 மார்ச் 11

அன்புள்ள மிக்தாலியாவுக்கு,

நெரெய்தா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஓல்கினில் மகள் வீட்டில் உனக்கு மனசு ஒட்டிவிட்டதா? முட்டி வலி எப்படி? என் மகள், உன் ஞானமகள் யாமிலாவுக்கு மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. அதை உனக்குத்தான் முதலில் எழுதச் சொன்னாள்.

இப்போது சாயங்காலங்களில் கரண்ட் போவது குறைந்துவிட்டது. எல்லார் வீட்டிலும் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை பல்பு மாட்டிவிட்டார்கள். கரண்டைத் தின்ற பழைய ஃபிரிட்ஜ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதற்கும் பலன் இருக்கத்தான் செய்கிறது. அதனால் சட்டத்தின் மேல் பழி போட்டுத் தப்ப எனக்கு வழியில்லை.

உன் பின்னறை ஃபிரிட்ஜைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அம்மா விட்டுப்போனது. அதில் நீ உறைய வைத்த மாம்பழ ஐஸுக்காகத் தெருப் பிள்ளைகள் மத்தியான வெயிலிலும் உன் வாசலில் நிற்பார்கள். பழைய ஃபிரிட்ஜை ஒப்படைக்கச் சொல்லி ஆணை வந்ததும் அதன் மேல் விரிப்பைப் போர்த்தி, மாதா சிலையை வைத்து, அலமாரி என்று சொல்லிவிடலாம் என்றாய். தெருக் கமிட்டிக்காக வீடு வீடாகப் பட்டியல் எடுத்தவள் நான். "எழுதப்போறவ நீதானே, எனக்கென்னடி பயம்" என்று சிரித்தாய்.

பட்டியலில் நான் எழுதவில்லை. சோதிக்க வந்த பெண்ணும் உன் சமையலறையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். தெருமுனையில் அவளை நிறுத்தி, "பின்னறையில ஒரு பழைய ஃபிரிட்ஜ் இருக்கு, துணியத் தூக்கிப் பாருங்க" என்று சொன்னவள் நான்தான், மிக்தாலியா. உன் ஃபிரிட்ஜை அவர்கள் எடுத்துப்போனது என்னால்தான், எதிர்வீட்டு எவெலியோவால் இல்லை.

கமிட்டிக்குப் பயந்து சொன்னேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய். முந்தின நாள்தான் என் ஃபிரிட்ஜை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாளும் உன் வாசலில் அதே கூட்டம், அதே சிரிப்பு. எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று எவெலியோ அந்த வாரம்தான் உன்னோடு சண்டை போட்டிருந்தார். அதனால் அவர்தான் என்று நீயே முடிவு கட்டினாய். அவர் வாசலில் போய் நின்று, "காட்டிக் குடுத்தவன் கண்ணு அவிஞ்சு போகும்" என்றாயே, அப்போது உன் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. நீ ஊரைவிட்டுப் போன அன்றும் திறக்கவில்லை.

எவெலியோவுக்கு டிசம்பரிலிருந்து பார்வை போய்விட்டது. கடிகாரம் பழுது பார்ப்பதையும் விட்டுவிட்டார். நீ சாபம் விட்ட நாளிலிருந்தே தெருவில் முன்போல யாரும் அவரோடு பேசுவதில்லை. நான் சூப் கொண்டுபோகும்போதெல்லாம், உன் சாபம்தான் பலித்துவிட்டதோ, தான் செய்த தப்புதான் என்ன என்று என்னிடமே கேட்கிறார். சூப்பை ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். கேட்கும் தகுதி எனக்கில்லை. அவர் மேல் தப்பில்லை என்று அவருக்கு இரண்டு வரி எழுது. அவருக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். என்னைப் பற்றி நீ என்ன எழுதினாலும் ஒரு சொல் விடாமல் சத்தமாகப் படிப்பேன்.

மாதா உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
நெரெய்தா