மொட்டைத் தலையும் மூன்று இடமும்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஏரிக்கரைக் கழிப்பறையைப் பார்த்து வரப் போனேன். பூட்டிக் கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருத்தன் இன்னொருத்தனைக் கை காட்டுகிறான். நாலாவது ஆள், "சீசன்லதான்க்கா தொறப்போம்" என்றான். சீசன் இல்லாத நாளில் வருகிறவர்களுக்கு வயிறே கிடையாது போலிருக்கிறது.

சனிக்கிழமை வரும் குழு: பன்னிரண்டு பேர், அருப்புக்கோட்டைப் பக்கம். எல்லாரும் அறுபத்தைந்துக்கு மேல். பழனியில் சாமி கும்பிட்டு, நேரே மலையேறி, இங்கே கொடைக்கானலில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் மதியம் மதுரைக்கு இறங்குகிறார்கள். முழுசாக ஒரு நாள்கூட இல்லை. அதற்குள் எட்டு இடம் காட்டணுமாம் எங்கள் டிராவல்ஸ் முதலாளிக்கு. எட்டு! (இனி அவரை மு. என்றே எழுதுவேன். முழுசாக எழுத மை வீண்.)

போன மாதக் குழுவில் முட்டிவலிக்காரர் ஒருவர். எட்டு இடத்திலும் வேனுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டோம். "நீங்க உக்காருங்கய்யா, இவங்க பாத்துட்டு வந்துருவாங்க." கிளம்பும்போது என்னிடம், "வேன் நல்லா இருந்துச்சும்மா" என்றார். அன்றைக்கு மு.வோடு நான் போட்ட சண்டை பக்கத்துப் பேக்கரி வரை கேட்டது. கடைசியில், "சரி, அடுத்த பெருசுக குரூப்ப ஒன் இஷ்டத்துக்கு நடத்து செல்வி. ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட் வரட்டும், அப்புறம் பழையபடி எட்டு பாயிண்ட்தான்" என்றார்.

பெருசுகளாம். அவருக்கே அறுபத்தொன்று.

என் திட்டம்:
ஏரி, படகு.
குறிஞ்சி ஆண்டவர் கோயில்.
பூங்கா. (பெஞ்சு இருக்கிறது.)
முடிந்தது. வேறு ஒன்றும் கிடையாது.

நவம்பர் 12, புதன்

பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டேன். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, முட்டி எப்படி, வளைவில் வாந்தி வருமா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீர்கள், பல்செட்டா சொந்தப் பல்லா. மு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "நீ என்ன டாக்டரா?" என்றார். ஆமாம், அதற்குத்தான் நீங்கள் சம்பளம் தருகிறீர்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கணும்.

ஒன்பதாவது ஆள் சீனியம்மாள். எழுபத்து மூன்று. கணீர்க் குரல்.

"முட்டியெல்லாம் கல்லு மாதிரி இருக்கு தாயி. எம்மகன்தான் கல்லா நிக்கான். இந்த ஒரு தடவ போய்ட்டு வா, தும்மல் இருமல் இல்லாம திரும்பி வந்தேன்னா தைமாசம் காசிக்கு விடுறேன்னு சொல்லிருக்கான். கோயமுத்தூர்ல பெரிய வேல. எனக்கு அவந்தான் இப்ப அப்பன்."

"காசிக்கு ஆசையா?"

"ஆசையா? நாப்பது வருசமா. மொதல்ல புருசன் விடல, அப்புறம் மாடு விடல, இப்ப மகன். நல்லபடியா இறக்கி விட்டுரு தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

இறக்கி விடுகிறேன் என்று சொன்னேன். அந்தப் பிள்ளையாண்டான் மேல் அப்போதே ஒரு எரிச்சல். பெற்றவளுக்குப் பரீட்சை வைக்கிறான்.

நவம்பர் 13, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது, போய்விட்டது. படி எண்ணும் வேலை. கோயிலில் கைப்பிடி இருக்கிறது, ஈரத்தில் வழுக்குகிறது. படகுத் துறையில் கடைசிப் படி உயரம். ஒரு முக்காலி போட்டால் போதும். முக்காலி கேட்டேன். "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே" என்றார் அங்கிருந்தவர். இதுவரை யாரும் கேட்காததால்தானே கேட்கிறேன்!

லாட்ஜில் தரைத்தளத்தில் ஆறு அறை வேண்டும் என்று போன வாரமே சொன்னது. இன்று போனால் நாலுதான் கீழே, ரெண்டு மாடியில். "ஹனிமூன் கப்புள் கேட்டாங்க மேடம்." ஹனிமூன்காரர்களுக்கு மாடியேறக் கால் இல்லையா? நின்று கத்தினேன். ஆறும் கீழே கிடைத்தது. வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் என்றான். அதற்கும் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது.

ஆபீஸ் வந்தால் மேசைமேல் அச்சடித்த தாள். 'ஒரு நாள் கொடைக்கானல், எட்டு இடங்கள்.' மு. என் திட்டத்தை அப்படியே வைத்துவிட்டு, மேலே ஐந்து சேர்த்திருக்கிறார். "சும்மா பேப்பர்ல கெடக்கட்டும், பாக்க நல்லா இருக்கும்ல." கிழித்தேன். அவர் பார்க்கும்படியாகவே கிழித்தேன்.

வேன் ஓட்டும் கருப்பையா அண்ணன் மட்டும் என் பக்கம். "மெதுவாவே ஏத்திட்டு வாரேன். பெருமாள்மலைல ஒரு இஞ்சி டீ. நீ செண்பகனூர்ல ஏறிக்க." வீட்டு வாசலிலேயே வண்டி. இன்றைய ஒரே நல்ல சேதி.

நவம்பர் 14, வெள்ளி

எல்லாம் சரி பார்த்தாகிவிட்டது. எலுமிச்சம்பழம் பன்னிரண்டு. பிளாஸ்டிக் பை ஒரு கட்டு. சர்க்கரை இல்லாத பிஸ்கட். மாற்று பேட்டரி, காது மிஷினுக்கு. முக்காலி. இட்லி குழைவாக வேண்டும் என்று மூன்று முறை சொல்லியாயிற்று.

இவர் சொல்கிறார்: "நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இம்புட்டு லிஸ்ட்டு போடல." சிரிப்பு வந்தது. நேரமாகிவிட்டது, தோசை சுடப் போனேன்.

எதுவும் விட்டுப்போகவில்லை.

நவம்பர் 15, சனி

என்னைச் செருப்பால் அடிக்கணும்.

மதியம் மூன்று மணிக்கு செண்பகனூர் ரோட்டில் குடையோடு நின்றேன். மூட்டம், எதிர்க்கடை தெரியவில்லை, பல்லு கிட்டுகிற குளிர். வேன் வந்தது. கருப்பையா அண்ணன் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கதவைத் திறந்தேன். உள்ளே வரிசையாக மொட்டை. சந்தனம் பூசிய மொட்டை, ஆணும் பெண்ணும், பன்னிரண்டில் ஒன்பது. முந்தானையைச் சுற்றிக்கொண்டும் துண்டைக் கட்டிக்கொண்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஈரச் சந்தனத்தில் மலைக்காற்று.

பழனிக்குப் போகிறவர்கள் மொட்டை போடுவார்கள் என்று தெரியாத ஆள் இந்த மலையில் எவராவது உண்டா? என் ரெண்டு பிள்ளைக்கும் நானே அங்கே மடியில் வைத்து மொட்டை போட்டவள். நான் பிறந்த பள்ளங்கியில் பூண்டு நல்லபடியாக விளைந்தால் ஊரே போய் மொட்டை போட்டு வரும். பல்செட்டு வரை விசாரித்தேன். தலையை விசாரிக்கவில்லை. மலையடிவாரத்திலேயே ஒரு நாள் தங்க வைத்து, காது மூடக் குல்லா வாங்கி வைத்து, அதற்குப் பிறகு ஏற்றியிருக்கணும். இல்லை, முதலில் இங்கே வந்துவிட்டுப் பிறகு பழனி. இவ்வளவு சின்ன விஷயம்.

சீனியம்மாள் ஜன்னல் ஓரம். பளபளவென்று தலை.

"ஏன் பாட்டி, போன்ல சொல்லலையே?"

"நீ சக்கர இருக்கா, முட்டி வலிக்குதான்னுதான் கேட்ட. மொட்ட போடுவியான்னு கேக்கலையே தாயி. மகனுக்கு வயித்துல ஆப்பரேசன் பண்ணுனப்ப நேந்துக்கிட்டது. ஏழு வருசக் கடன்."

ஏரிக்கரையில் இறங்கினதும் அந்த மகனே வீடியோவில் வந்தான். அந்த அம்மாள் போனை நேராக முகத்துக்கு முன்னால் பிடித்துவிட்டார். பின்னால் மூட்டம், முன்னால் மொட்டை, தாடை நடுங்குகிறது.

"அம்மா! என்னம்மா கோலம் இது? அந்தக் குளிர்ல எவன் கூட்டிட்டுப் போனான்?"

"ஒனக்காக நேந்தது ஐயா..."

"நான் கேட்டேனா?"

நான் கேட்டேனா! கரையில் நின்ற எல்லார் காதிலும் விழுந்தது. போனைப் பிடுங்கி ஏரியில் எறியலாம் போல வந்தது. ஆனால் நான் செய்தது என்ன? பயந்துவிட்டேன். படகு வேண்டாம், எல்லாரும் அறைக்குப் போங்கள், ஹீட்டர் போடுகிறேன், கம்பளிக்குள் உட்காருங்கள் என்று ஆட்டுக்குட்டியை ஓட்டுகிற மாதிரி ஓட்டினேன்.

அறை வாசலில் சீனியம்மாள் நின்றார். "வீட்லயும் இதத்தான் சொல்றாங்க, உக்காரு உக்காருன்னு. இங்க எதுக்கு இம்புட்டுத் தொல வந்தோம்?" கோபமாகக்கூட இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

வெள்ளனே எழுந்து, தெரிந்த கடைக்காரரை வீட்டுக்கே போய் எழுப்பிக் கடையைத் திறக்க வைத்தேன். பன்னிரண்டு குரங்குக் குல்லா. மஞ்சள், ஊதா, ஒன்றில் பந்து தொங்குகிறது. தேர்ந்தெடுக்க நேரமில்லை.

காலை உணவுக்கு எல்லாரும் குல்லாவோடு. "ஏலே, ஒன்னய யாரு பெத்தா?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பு. பந்து தொங்குகிற குல்லா சீனியம்மாளுக்கு. கேட்டு வாங்கிக்கொண்டார்.

கோயில். நல்ல நாளில் அங்கிருந்து பழனி மலை தெரியும். இன்று பள்ளம் முழுக்க மூட்டம். "பழனி எங்கய்யா?" என்று கேட்டார்கள். கருப்பையா அண்ணன் வெள்ளைக்குள் கை காட்டினார். பன்னிரண்டு பேரும் அந்த வெள்ளையைக் கும்பிட்டார்கள். எனக்கு மூட்டத்தின் மேலேயே கோபம், இன்றைக்கு ஒரு நாள் விலகினால் என்ன கேடு.

படகு. முக்காலி போட்டேன். பதினோரு பேர் ஏறினார்கள், ஒருவருக்குத் தலை சுற்றல், நானும் அவரும் கரையில். நடு ஏரியில் சீனியம்மாள் குல்லாவைக் கழற்றிவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். கரையிலிருந்து, "போடுங்க! போடுங்க!" என்று கத்தினேன். காதில் விழுந்தது, கையை ஆட்டினார், போடவில்லை.

பூங்காவுக்கு நேரமில்லை. ரெண்டு இடம். மதியம் வேன் ஏறும்போது ரெண்டு தும்மல் போட்டார். நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

"அவன்ட்ட சொல்லிறாத தாயி."

நவம்பர் 17, திங்கள்

மழை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. சீனியம்மாளுக்குக் காய்ச்சல், லேசாகத்தான். மகன் காலையிலேயே மு.வுக்குப் போன் போட்டுக் கிழித்துவிட்டான்.

மு. முகத்தில் என்ன சந்தோஷம்! "பாத்தியா ஒன் பிளான? எட்டு பாயிண்ட் போட்டிருந்தா வேனுக்குள்ளயே கதகதன்னு இருந்திருப்பாங்க. சும்மா பெருசுக பெருசுகன்னு." அடுத்த குழுவுக்கு எட்டு. தாளை மறுபடி அச்சடித்தாயிற்று. இந்த முறை என்னால் கிழிக்க முடியவில்லை. தப்பு என்னுடையது, எந்த முகத்தோடு கிழிப்பது?

மதியம் அந்த மகனுக்கு நானே போன் போட்டேன். தப்பு என்னோடது சார், உங்க அம்மா மேல இல்ல, நான்தான் குளிர யோசிக்காம விட்டுட்டேன் என்றேன். ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

"பரவால்லைங்க மேடம். நீங்க ஒண்ணும் ஃபீல் பண்ணாதீங்க. இனிமே நாங்க அம்மாவ எங்கயும் அனுப்புறதா இல்ல."

"காசிக்குன்னு சொன்னாங்களே சார்."

"இந்த ஒரு நாளே தாங்கல. காசியா? வீட்டுலயே எல்லா வசதியும் பண்ணிக் குடுத்திருக்கோம் மேடம்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மரியாதையாகப் பேசுகிறவனிடம் என்ன செய்வது? போனை வைத்துவிட்டு, ஆபீஸ் பின்னால் கோழிக்கூண்டுப் பக்கம் நின்று அழுதேன். பிறகு வந்து அடுத்த குழுவின் எட்டு இடத்துக்கும் கழிப்பறை எங்கே என்று எழுதினேன். மூன்றில்தான் இருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

மழை விட்டது. ஈரத்துணி எல்லாம் மாடியில்.

பதினொரு மணிக்குத் தெரியாத எண். எடுத்தால் சீனியம்மாள். பக்கத்து வீட்டுப் போனாம், மகனுக்குத் தெரியக்கூடாதாம்.

"காய்ச்ச போயிருச்சு. ரெண்டே நாளு. அது சளிகூட இல்ல."

"மன்னிச்சிருங்க பாட்டி. என்னாலதான்..."

"அட, சும்மா இரு. நடு ஏரில தலைல காத்துப் பட்டது நானு. எனக்குத் தெரியாதா எப்படி இருந்துச்சுன்னு? நீ எதுக்கு அழுவுற? கேளு. எங்கூர்ல ஒரு குரூப்பு தைமாசம் காசிக்குக் கெளம்புது. ரயிலு. நான் பேரு குடுத்துட்டேன்."

"மகன்?"

"அவன்ட்ட கேக்கல."

தும்மினால் என்ன ஆகும், கால் தவறினால் என்ன ஆகும், அந்த மரியாதைக்காரன் யாரைப் பிடிப்பான் என்று வரிசையாக ஓடியது. மறுபடி உட்காருங்கள் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"கூட ஒரு பொம்பள வந்தா தெம்பா இருக்கும்ங்காக. நீ எல்லாம் கேப்ப, பாப்ப. சண்ட போடுவ. சண்ட போட ஆளு வேணும் தாயி, எனக்கு இப்ப சத்து பத்தாது. வாரியா, மாட்டியா, அத மட்டும் சொல்லு. போனுக்காரி நிக்கா."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மு.விடம் பத்து நாள் லீவு கேட்கணும், தரமாட்டார், தராவிட்டால் அந்த எட்டு இடத் தாளை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வரவேண்டியதுதான். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. புது லிஸ்ட்டில் முதல் வரி எழுதியாயிற்று: கீழ் பெர்த் ரெண்டு.