யார் பக்கம் என்று முதலில் சொன்னவளுக்கு

இன்று காலை கொழும்பிலிருந்து வந்த ஒருவர் உன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தடுக்கவில்லை, வந்தவரை உட்காரவைக்க வேறு நல்ல நாற்காலி இல்லை. நீ கண்மூடிய பிறகு அதை யாரும் பாவிப்பதில்லை, தூசி மட்டும் தட்டி வைக்கிறோம். அவர் சாய்ந்ததும் அது வழக்கம்போல முனகியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டு வந்தேன்.

அவர் பெரிய வர்த்தகச் சட்ட நிறுவனம் ஒன்றின் பங்காளி. பதுளையில் நாம் இருவரும் நடத்திய வக்கீல் அலுவலகத்தைத் தங்கள் ஊவா மாகாணக் கிளையாக எடுத்துக்கொள்ள விரும்புகிறார்கள். வாடகை, ஜூனியர் பிள்ளைகளின் சம்பளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீ இல்லாமல் நான் ஒற்றை ஆளாக இந்த வாடகையோடு மல்லுக்கட்டுவது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. "உங்கட ஒஃபிஸ் என்னென்ன துறை பார்க்குது மிஸ்? மார்க்கெட்டில உங்கட இடம் என்ன?" என்று கேட்டார்.

கம்பனிப் பதிவு, கூட்டு வியாபார ஒப்பந்தம், கடைக் குத்தகை, வாகன லீசிங் தகராறு, எல்ல ஊர்ப் பக்கத்துச் சுற்றுலா விடுதிகளின் உடன்படிக்கைகள், தேயிலைக் கொழுந்து கொடுக்கல் வாங்கல் என்று அடுக்கினேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நீ இருந்திருந்தால் கெடுத்திருப்பாய். பண்டாரவளை ஹோட்டல் முதலாளி இதையே கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "சண்ட வராம எழுதிக் குடுப்போம். வந்துருச்சின்னா சண்டையும் புடிச்சிக் குடுப்போம்." அந்த மனிதர் சிரித்துவிட்டு அன்றே ஒரு வேலை தந்தார்.

பசாரில் இரும்புக்கடைக்காரர் மகள் நான். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை நீ. கொலைக் கேஸ் பேசாத வக்கீலுக்குப் பதுளையில் என்ன வேலை என்று என் வாப்பாவே கேட்டார். ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். வந்த விதம்தான் தொல்லை. நம் ஊரில் ஒப்பந்தம் எழுத இரண்டு தரப்பும் ஒரே த்ரீவீலில் வந்து இறங்கும். "ரெண்டு பேருக்கும் பொதுவா எழுதுங்க மிஸ்" என்பார்கள். மற்ற வக்கீல்கள் எழுதிக் கொடுப்பார்கள். நீ மாட்டாய். இருவருக்கும் பிளேன்டீ கொடுத்துவிட்டு, ஒருவரைப் பார்த்து, "நான் இவரோட வக்கீல். ஒங்களுக்கு இல்ல. நீங்க வேற ஆள்கிட்ட காட்டிட்டு வாங்க" என்பாய். எத்தனை பேர் முகம் சுளித்துக்கொண்டு படியிறங்கினார்கள்! "வார கஸ்டமர்மார நீயே வெரட்டுறியே புள்ள" என்று நான் கத்தாத மாதமில்லை.

அந்தத் தேயிலைத் தொழிற்சாலை முதலாளி விஷயத்தில் நீ செய்ததை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. நம்முடைய பெரிய வாடிக்கையாளர் அவர். அவரைப் பார்த்துத்தான் மற்ற முதலாளிகளும் நம்மிடம் வந்தார்கள். பூனாகலைப் பக்கம் துண்டு துண்டாகத் தேயிலை வைத்திருந்தவர்களைத் தன் லொறியிலேயே ஏற்றிக்கொண்டு கையெழுத்து வாங்க வந்தார். ஈரக் கொழுந்துக்கு எடையில் எவ்வளவு கழிப்பது என்பதைத் தொழிற்சாலை மட்டுமே முடிவுசெய்யும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதை எழுதியவளே நீதான். வந்தவர்களில் உன் தாய்மாமனும் ஒருவர்.

"நம்ம புள்ள எழுதினது, கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்" என்று அவர் பேனாவை எடுத்தார். நீ அதை அவர் கையிலிருந்து வாங்கினாய்.

"போடாதீங்க மாமா. இது நான் மொதலாளிக்காக எழுதினது. ஒங்களுக்குன்னு ஒரு வக்கீலப் பாத்துக் காட்டிட்டு வாங்க."

"அப்ப நீ எங்க பக்கம் இல்லையா?"

"இல்ல மாமா. இந்த வெசயத்துல இல்ல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். அன்று பஸ் நிலையத்தில் நீ அழுதாய். எனக்குக் கோபமும் பாவமும் சேர்ந்து வந்தன. அவர்களை வேறு வக்கீலிடம் அனுப்புவேன் என்று முதலாளியிடம் நீ முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் சொல்வேன்.

அவர்கள் வேறு வக்கீலைப் பிடித்து, கொழுந்து கொடுப்பவரும் பக்கத்தில் நிற்கத்தான் கழிக்க வேண்டும் என்று மாற்றி எழுதவைத்தார்கள். கொழுந்து தேவைப்பட்டதால் முதலாளி கையெழுத்துப் போட்டார். அதோடு தன் வேலைகளையெல்லாம் கொழும்புக்கு எடுத்துப் போனார். அவரைப் பார்த்து வந்தவர்களும் போனார்கள். உன் மாமா அந்தத் தீபாவளிக்கு உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பிறகு தொழிற்சாலை கைமாறி ஒரு கம்பனிக்குப் போனது. புது ஒப்பந்தம் வந்ததும் அதே ஆட்கள் நம் படியேறினார்கள், முன்னால் மாமா. "அன்னைக்கி எங்க பக்கம் இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன. இந்தத் தடவ எங்க பக்கம் நில்லு." நீ சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றது கண்ணிலேயே இருக்கிறது. அதன் பிறகு நமக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் கொழும்புக்காரரிடம் எப்படிச் சொல்வது? கிளையானால் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு எதிராக நாம் நிற்க முடியாது என்றார். யார் யார் என்று கேட்டேன். தொழிற்சாலையை வாங்கிய அந்தக் கம்பனியும் அதில் இருந்தது. மாமா ஆட்களோடு அதன் ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. தொழிற்சாலை மட்டுமே முடிவுசெய்யும் பழைய கழிவு முறையைத் திரும்பக் கேட்கிறது கம்பனி. பின்னேரத்துக்குள் பதில் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினேன்.

மதியம் உன் மாமா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"புள்ள இல்ல. கீழ கொழும்புக் காரு ஒண்ணு நின்னுச்சி, நானும் பாத்தேன். நீங்க இப்ப யாரு பக்கம் மிஸ்? மொதல்ல அதச் சொல்லுங்க."

உன்மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கேள்வியைப் பழக்கிவிட்டு, பதில் சொல்ல என்னைத் தனியே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அவருக்கு முன்னாலேயே கொழும்புக்காரரை ஃபோனில் அழைத்து, கிளையாக முடியாது என்றேன். வாடகைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

"ஒங்கட பக்கம்தான் மாமா" என்றேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.