பூந்தியைப் பார்க்காமல் உட்கார்வது

10 பிப்ரவரி 2003, திங்கள்

இன்றைக்கும் நாய் வாசலிலேயே போய்விட்டது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னாடி பூந்தி" என்றுதான் கேட்டேன். காது இரண்டும் பின்னால் மடங்க, வால் வயிற்றுக்கடியில் போக, நின்ற இடத்திலேயே மூத்திரம். என் வீட்டுக்காரி அன்புக்கரசி துடைக்கக் கோணியோடு ஓடி வந்தாள்.

மகள் சிவந்தி கல்யாணமாகி எண்ணூருக்குப் போனதிலிருந்து இதே கதை. அவள் வளர்த்த நாய்க்கு மாமியார் வீட்டில் இடமில்லை. இங்கே விட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள். அதனால்தான் எனக்கு இதன்மேல் ஒரு இது. ஒரு நாளும் அடித்ததில்லை. டீக்கடையில் அதற்குப் பொறை ரொட்டி வாங்கி வருவதே நான்தான். அன்புக்கரசியைக் கண்டால் குதிக்கிறது. என்னைக் கண்டால் மட்டும் ஏன்?

11 பிப்ரவரி

இன்றும்.

15 பிப்ரவரி, சனி

எங்கள் மாடி வாசலில் போனால் மூத்திரம் படி வழியாக இறங்கிவிடுகிறது. படிக்குக் கீழேதான் தங்கபுஷ்பத்தின் இட்லிக் கடை. இன்று மாவுக் குண்டானுக்குப் பக்கத்தில் வந்து நின்றதாம். "அண்ணே, நாலு பேரு துன்ற எடம். இத்தப் பாத்தா எவன் வருவான்?" அவள் கேட்டதில் தப்பில்லை. நானே பக்கெட்டில் தண்ணீர் கொண்டுபோய்ப் படியைக் கழுவிவிட்டேன்.

17 பிப்ரவரி, திங்கள்

கம்பெனியில் கூட வேலை செய்யும் பரசுராமனிடம் சொன்னேன். "மூஞ்ச புடிச்சி அதுலயே தேய் மாமு. ரெண்டே வாட்டி, அடங்கிடும்" என்றான்.

தேய்த்தேன். பிடரியைப் பிடித்து, சத்தம் போட்டு. பூந்தி மல்லாந்து படுத்து, நாலு காலையும் மடக்கிக்கொண்டு, படுத்தபடியே இன்னும் போனது. என் கையெல்லாம் ஈரம். அது என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தது.

"வுடுய்யா அத்த! அது உன்னாண்ட மன்னாப்பு கேட்டுகினு கீது. இன்னும் இன்னா வோணும் உனுக்கு?"

அன்புக்கரசி இப்படி என்னிடம் கத்தியதில்லை.

19 பிப்ரவரி

அன்புக்கரசி வேப்பேரி நாய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் வந்தாள். நோய் ஒன்றும் இல்லையாம். பயந்த சுபாவம், திட்டினால் அதிகமாகும் என்றாராம் டாக்டர். திட்டவே இல்லையே நான், பேசத்தானே செய்கிறேன் என்றேன். "நீ பேசுறதே அப்பிடித்தான் கீது" என்றாள்.

இத்தனை வருஷம் கம்பெனியில் இரும்படிக்கும் ஹாமர் மெஷின் பக்கத்தில் நின்று காது மந்தம். எனக்கு மெதுவாகக் கேட்பது மற்றவர்களுக்குச் சண்டை போலக் கேட்கிறது போல. இதற்கு நான் என்ன செய்ய?

22 பிப்ரவரி, சனி

மறுபடியும் படியில். தங்கபுஷ்பம் இந்த முறை கத்தவில்லை, அழுதாள். அதற்குமேல் என்ன இருக்கிறது? பரசுராமனின் மச்சான் சடையங்குப்பத்தில் ஆடு வைத்திருக்கிறான், காவலுக்கு நாய் வேண்டுமாம். திங்கட்கிழமை கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சிவந்திக்கு என்ன சொல்வது — தெரியவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

இதை எழுதியே ஆகவேண்டும். தங்கபுஷ்பம் மேலே வந்தாள், நேற்று அழுததற்கு வெட்கப்பட்டுக்கொண்டு. அவளுக்கு நாய் என்றால் பயம். பூந்தி இருக்கும் பக்கம் திரும்பாமல், முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அன்புக்கரசியோடு பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பூந்தி மெல்ல வந்து அவள் புடவையை மோந்தது. வாலை ஆட்டியது. ஒரு சொட்டு இல்லை!

நான் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. குனியவில்லை, கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. நானோ உள்ளே வந்ததும் ஆறடி ஆள் அதன் தலைக்குமேல் குனிந்து, கண்ணைப் பார்த்து, இந்தத் தொண்டையில் பெயரைச் சொல்கிறேன். ஆசையாகத்தான். அதற்கு எப்படித் தெரியும்?

24 பிப்ரவரி, திங்கள்

சடையங்குப்பம் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்று பரசுராமனிடம் சொன்னேன். சிரித்தான். சிரிக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கே போனால் யாருக்கும் தொந்தரவில்லை. தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து துறைமுகத்துக் கப்பல் விளக்குகளைப் பார்த்தேன். அன்புக்கரசி பூந்தியை மாடிக்கு அனுப்பினாள். வந்ததும் கொஞ்சம் மூத்திரம் போனது. நான் திரும்பவில்லை.

27 பிப்ரவரி

பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! பொறையைப் பக்கவாட்டில் வைத்துவிட்டு சும்மா இருந்தேன். தின்றுவிட்டு ஓடிப்போனது. தரை ஈரமில்லை.

9 மார்ச், ஞாயிறு

இரண்டு நாள் நன்றாக இருந்தது. இன்று குக்கர் விசில் கேட்கவில்லையா என்று அன்புக்கரசி கேட்டதற்கு நான் போட்ட சத்தத்தில் பூந்தி கட்டிலுக்கடியில் போய்விட்டது. வழியெல்லாம் ஈரம். நானே துடைத்தேன். துடைத்துவிட்டு அங்கேயே தரையில் படுத்துக்கொண்டேன். நான் கண்ணயர்ந்த பிறகு வந்திருக்க வேண்டும், விழித்தபோது என் கைமேல் மூக்கு இருந்தது. சில்லென்று.

20 ஏப்ரல், ஞாயிறு

சிவந்தி வந்தாள். அன்புக்கரசி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வாசலில் சிவந்தியைக் கண்டதும் பூந்திக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில் அவள் காலிலேயே போய்விட்டது. "ஐய, கலீஜ்!" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், "பாக்காத, அந்தாண்ட திரும்பி குந்து, தானா வரும்" என்றேன். உட்கார்ந்தாள். வந்து மடியில் ஏறிக்கொண்டது.

நான் கோணியை எடுத்துவந்து துடைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? இவ்ளோ மெதுவா பேசுற."

"நல்லாத்தான் கீறேன்."

அவளுக்குப் பக்கத்தில் நானும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் சமாச்சாரம் எதுவும் எனக்கு அன்புக்கரசி வழியாகத்தான் வரும். பள்ளிக்கூடம் முதல் கல்யாணம் வரை அப்படித்தான். இன்று ரொம்ப நேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"எனுக்கு நாள் தள்ளிப் போயிருக்கு நைனா. அம்மாவாண்ட இன்னும் சொல்லல."