தானாகவே புதுப்பிக்கப்படும்

மார்ச் 3

கிரெடிட் கார்டு பில் வந்தது. எப்போதும் மொத்தத் தொகையைப் பார்த்துக் கட்டிவிட்டுப் போய்விடுவேன். இன்று நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. இரண்டு பேருக்கு லென்ஸ் மாட்டியதோடு சரி. பில் போடுகிற பெண்ணிடம் போனைக் கொடுத்து, "இதெல்லாம் என்னன்னு பாரும்மா" என்றேன்.

அவள் படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. யோகா ஆப். இரண்டு நாள் செய்து, இடுப்பு பிடித்துக்கொண்டதும் விட்டது. என் வீட்டுக்காரர் நடையை எண்ணுகிற ஆப். இவர் நடப்பது சோபாவிலிருந்து ஃபிரிட்ஜ் வரை. போட்டோவில் முகத்தை வெளுப்பாக்குகிற ஆப் — இதை யார் போட்டது? நானா? எல்லாமே முதல் மாதம் இலவசம் என்று கார்டு நம்பரை வாங்கிக்கொண்டவை.

"நீங்களா நிறுத்துற வரைக்கும் அதுவா எடுத்துக்கிட்டே இருக்கும்க்கா" என்றாள். எவனோ என் காசில் சொகுசாக இருந்திருக்கிறான்.

மார்ச் 4

ஒவ்வொன்றாக நிறுத்தினேன். லேசில் விடமாட்டேன் என்கின்றன. "உங்களைப் பிரிவதில் வருத்தம்" என்கிறது ஒன்று. "ஏன் போகிறீர்கள்?" என்று காரணம் கேட்கிறது இன்னொன்று. பெற்ற மகள் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது இந்த வீட்டில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்கவில்லை. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று, "இனிமே அவ பேச்சே இங்க வரக்கூடாது" என்றார் இவர். அதோடு முடிந்தது. மூன்று வருடம்.

கடைசியாகப் படம் பார்க்கிற ஆப். அவள் இருந்தபோது போட்டுக் கொடுத்தது. நாங்கள் அதன் பக்கமே போவதில்லை. அதையும் நிறுத்தினேன். ஆத்திரம் அடங்கவில்லை. வங்கிக்குப் போன் போட்டு, "கார்டையே முடக்கிடும்மா, புதுசு அனுப்பு" என்றேன். பத்து நாளாகும் என்றாள். ஆகட்டும் என்றேன், பெரிய வீராப்பாக.

மார்ச் 6

பட ஆப் 12ஆம் தேதி வரை ஓடுமாம். கட்டின காசை ஏன் விட வேண்டும் என்று டிவியில் திறந்தேன். யார் பார்ப்பது என்று மூன்று கட்டங்களைக் காட்டியது. அம்மா. அப்பா. மூன்றாவதில் மஞ்சள் குடை. அவள் வைத்த படம்.

ரிமோட்டில் அதை அழுத்தினேன். நேற்றுப் பார்த்திருக்கிறாள்.

நேற்று. அதற்கு முந்தின நாள். அதற்கும் முந்தின நாள். இத்தனை நாளும் எங்கள் டிவிக்குள்ளேயே இருந்திருக்கிறாள், நான்தான் திறக்கவில்லை. பார்த்ததெல்லாம் வரிசையாக இருந்தது. முயல் குட்டி கார்ட்டூன். குளியல் பாட்டு. 'குழந்தை தூங்க மழைச் சத்தம்' — தினமும், தவறாமல்.

என் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது.

எப்படி உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எப்போடி பொறந்துது? யாருடி உன் பக்கத்துல இருந்தா? ரொம்ப வலிச்சுதா?

மார்ச் 7

அவள் கட்டத்தைத் திறந்தால் மேலே ஒரு வரி வருகிறது. நேற்று நான் கவனிக்கவில்லை. "கணக்கின் உரிமையாளர் சந்தாவை நிறுத்திவிட்டார். 12ஆம் தேதியுடன் முடிகிறது." இதே வரி அவள் வீட்டிலும் வரும். அப்பா வாயால் சொன்னதை அம்மா விரலால் செய்துவிட்டாள் என்றுதானே நினைப்பாள்.

திரும்பச் சேரலாம் என்று பார்த்தால் கார்டு இல்லை. இவரிடம் கார்டே கிடையாது. பில் போடுகிற பெண் தன் கார்டைக் கொடுத்தாள். பெயர் பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டது. மகளின் பழைய நம்பரைப் போட்டால் யாரோ ஒரு லாரிக்காரர் எடுக்கிறார். புது நம்பர் தெரியாது. எந்த ஊர் என்றுகூடத் தெரியாது.

மார்ச் 8

ஒரு யோசனை வந்தது. கட்டத்தில் பெயரை மாற்றலாம். என்னுடையதில் 'அம்மா' என்று இருந்ததை 'அம்மா தெரியாம நிறுத்திட்டேன்' என்று மாற்றினேன். இத்தனை எழுத்துதான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 'கண்ணு' என்று சேர்க்க இடமில்லை.

மார்ச் 9

நேற்றும் மழை ஓடியிருக்கிறது. அப்படியென்றால் மூன்று கட்டங்களையும் பார்த்துத்தானே அவளுடையதைத் தொட்டிருப்பாள்? பார்த்திருப்பாளா? தூக்கக் கலக்கத்தில், குழந்தை தோளில் அழும்போது, யார் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எவள் பார்ப்பாள்?

மார்ச் 12

நின்றுவிட்டது. இனி அந்தக் குழந்தை எதைக் கேட்டுத் தூங்கும்?

மார்ச் 15

கார்டு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்றபடியே பணம் கட்டினேன். திறந்தது. அம்மா தெரியாம நிறுத்திட்டேன். அப்பா. அவ்வளவுதான். மஞ்சள் குடை இல்லை.

சந்தா நின்றதால் போயிருக்கும், இரண்டு நாளில் வந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மார்ச் 16

பில் போடுகிற பெண் அந்தக் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டாள். சந்தா நின்றாலும் கட்டம் போகாதாம். யாராவது நீக்கினால்தான் போகுமாம். கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஒரு கண்ணாடிக்கு வலது லென்ஸை இடதில் மாட்டிவிட்டேன். முதலாளி திட்டவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மார்ச் 22, ஞாயிறு

மத்தியானம் அந்த மழையைத் தேடி எடுத்து ஓடவிட்டேன். படம் ஒன்றுமில்லை, கறுப்புத் திரை. வெறும் சத்தம். இவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

"குழாய மூடலையா? தண்ணி ஓடுதே."

"குழாய் இல்ல. டிவி."

"மழைய எதுக்கு டிவியில போட்டுக் கேக்குற?"

"நம்ம பேரப்பிள்ளை இதக் கேட்டுத்தான் தூங்குது. தூங்கிட்டிருந்துது."

எல்லாவற்றையும் சொன்னேன். பில், கார்டு, குடை, நான் எழுதிவைத்தது, அவள் நீக்கிவிட்டுப் போனது. இவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் இன்று கத்துவது என்றுதான் இருந்தேன்.

"ஆணா, பொண்ணா?" என்றார்.

"தெரியல."

வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கினார். அணைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.