கோட்டைச் சாலையும் சாமி பாடும்

ஆவணி 6, திங்கள்

புழுக்கம். காற்றே இல்லை. கோட்டைத் துரை கூப்பிட்டனுப்பினார். கோட்டையிலிருந்து காட்டூர் வரை வண்டிச் சாலை வேண்டுமாம், மழைக்கு முன். வேலையை யாரிடம், எப்படிக் கொடுப்பது என்று நான் எழுதித் தர வேண்டும். துரை பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷிக்கு வாய்தான் வேலை என்று இருந்தேன். இப்போது தலையும் வேண்டுமாம்.

யோசித்தது:

மொத்தக் குத்தகை. பொன்னேரி வெங்கடப்பர் (இனி வெ.) கேட்கிறார். வழி, வடிகால், மண் எடுக்கும் இடம், எல்லாம் அவர் இஷ்டம். உடைந்தால் பிடிக்க ஒரே ஆள். அது நல்லது. ஆனால் மண்ணுக்குக் கண் வைத்திருப்பது ஏரிக்கரை இறால் சேற்றில். அதைத் தோண்டிவிட்டால் காட்டூர்ப் பெண்கள் எங்கே கைவிட்டு இறால் தடவுவது? எங்கள் கோட்டைக்குப்பத்து வலையில் என்ன விழும்?

நாள் கூலி. மேலே ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவர் உட்கார்ந்தால் வேலையும் உட்காரும்.

ஆறு துண்டாக, இரு ஊராரிடமே. மேட்டு மண் போடுவார்கள், சேறு பிழைக்கும். பொறுப்புதான் ஆறாக உடையும்.

மூன்றாவதையே எழுதப்போகிறேன். பயமாக இருக்கிறது. மை வாங்க வேண்டும்.

ஆவணி 9, வியாழன்

துரை ஒப்புக்கொண்டார். நிபந்தனை: முதல் மழைக்குப் பிறகு பன்னிரண்டு பார வண்டி கடக்க வேண்டும். ஒன்று கடக்காவிட்டாலும் சாலையும் சேறும் வெ.க்கு. கையெழுத்துப் போட்டேன்.

ஏரியில் வலை கட்டும் இடத்தைப் பாடு என்போம். சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வோம், சண்டை வராது. அதே மாதிரி சாலைக்கும் குலுக்கினோம். ஆறு துண்டு. குப்பத்துக்கு மூன்று, காட்டூருக்கு மூன்று, மாறி மாறி விழுந்தது. குப்பத்துக்குத் தலை என் மச்சான் ஆறுமுகம். காட்டூருக்கு முனியன்.

புரட்டாசி 26, புதன்

வடகிழக்கே மழைக் கருக்கல். வேலை முடிந்தது என்று இரு ஊரும் சொல்லியனுப்ப, நடந்து பார்த்தேன். ஒவ்வொரு துண்டும் கல்லு மாதிரி. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் மட்டும் இரண்டு முழம் வெறும் சேறு. ஐந்து இடம்.

மச்சானைக் கேட்டேன்.

"அது எங்க பாடு இல்ல மாப்ள. அடுத்தவன் பாட்டுல கை வெக்கலாமா?"

முனியன்: "உங்காளுங்க எடம் உட்டாங்க, நாங்களும் உட்டோம். இன்னா இப்போ, துபாசி?"

சரிதான். இரண்டு பாட்டுக்கு நடுவே இடம் விட்டுத்தான் வலை கட்டுவோம். விடாதவனுக்கு அபராதம். அதே வழக்கத்தைச் சாலைக்கும் வைத்துவிட்டார்கள். குலுக்கியவன் நான். அந்த இரண்டு முழத்தை யார் பேருக்கும் எழுதாதவனும் நான். குப்பத்தில் பிறந்தவனுக்கு இது தோன்றாமல் போனதே, வெட்கக்கேடு.

புரட்டாசி 27, வியாழன்

சோறு இறங்கவில்லை. நண்டுக் குழம்பு வீண். மனைவி பச்சையம்மாதான் கேட்டாள்: "யாருதும் இல்லாத எடம்னா சாமி பாடுன்னு உட வேண்டியதுதானே?"

கோயிலுக்கென்று ஏரியில் ஒரு பாடு உண்டு. அதில் எல்லோரும் வலை இழுக்க வேண்டும், மறுத்தால் குற்றம். ஓடினேன். ஐந்து இடத்திலும் சாமி பாடு என்று வேப்பங்கொத்து நட்டேன். மச்சான் உடனே கூடையை எடுத்தார். முனியன் தலையைச் சொறிந்தான், பிறகு அவனும் எடுத்தான். பொழுது சாய்வதற்குள் நான்கு இடம் முடிந்தது. ஐந்தாவது பாதியில் மழை பிடித்துக்கொண்டது. இடித்தவரை இடித்தோம்.

புரட்டாசி 29, சனி

மழை விட்டு விட்டு. துரை குதிரையில். வெ. குடையோடு. ஏழு வண்டி கடந்தது. எட்டாவது, அந்த ஐந்தாவது இடத்தில். சக்கரம் ஒரு சாண் இறங்கிவிட்டது. மச்சானும் முனியனும் இரு பக்கமிருந்தும் குதித்துத் தோள் கொடுத்தார்கள். ஏறியது. மீதி நான்கும் வந்து சேர்ந்தன. வெ. சொல்லாமல் நடையைக் கட்டினார்.

துரை இறங்கி அந்தக் குழியைக் காலால் குத்திப் பார்த்தார். இது யார் பங்கு என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"எங்க பாடுதான்" என்றார் மச்சான்.

"எங்களுதும்தான்" என்றான் முனியன்.

துரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் ஆனது.