அந்தோனியார் வெளியே வரும் வாசல்

ஸ்காபரோ
நவம்பர் 4, 2023

அன்புள்ள யோசப்,

போனில் கதைத்தால் சண்டை வரும், அதனால் எழுதுகிறேன். அஜக்ஸில் கட்டப்போகும் நம் அந்தோனியார் கோயிலுக்கு நான் வரைந்த முகப்பை நேர்ச்சுவராக மாற்றி வரையச் சொல்கிறது உன் கட்டடக் குழு. முடியாது. நேப்பிள்ஸில் பரோக் கட்டடக்கலை படித்த நான், இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் கார் நிறுத்தும் கட்டடங்களின் வரைபடங்களுக்குத்தான் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறேன். சாகுமுன் ஒரு முகப்பாவது வளைந்து உயர்ந்து நிற்கட்டும்.

"உவ்வளவு உயரம் ஏன்?" என்று கேட்டார்களாம். யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டுமா?

ஒரு வளைவையும் விட்டுத்தராத,
றோய்

அஜக்ஸ்
டிசம்பர் 10, 2023

நண்பன் றோய்க்கு,

சுகம்தானே? குழு வேறொரு கட்டடக் கலைஞரைப் பிடித்துவிட்டது. "உந்த வளைவெல்லாம் இஞ்சை ஆருக்கு?" என்கிறார் தலைவர் செல்வரட்ணம் அண்ணை. எனக்கும் அலங்காரம் பெரிதாகப் படவில்லை. வாக்கெடுப்பில் நானும் நேர்ச்சுவருக்கே கை உயர்த்தினேன். கோபிக்காதே. கோயில் திறந்ததும் வரும் திருவிழாவில், அந்தோனியார் சொரூபத்தை வைத்துச் சுற்றிவரும் கூட்டைத் தோளில் தூக்க முன்கம்பில் வழக்கம்போல் என் பக்கத்தில் நீ வேண்டும்.

உன் யோசப்

அஜக்ஸ்
ஜூன் 16, 2025

அன்பின் றோய்,

பதிலும் இல்லை, நீயும் வரவில்லை. நேற்றுத் திருவிழா. உள்ளே வைத்துப் பொருத்திய கூடு வாசலால் வெளியே போகவில்லையடா! இவ்வளவு காலமும் வாடகை மண்டபத்தில் லொறி வந்து சாமான் இறக்கும் பெரிய கதவால் போய் வந்தது. தோள் கொடுத்த ஒருவருக்கும் அதன் உயரம் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் சொரூபத்தை மட்டும் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு நடந்தேன். வெட்கத்தில் அழுதேன். கதவை மட்டும் உயர்த்தி வரைந்து தருவாயா?

யோசப்

ஸ்காபரோ
ஜூன் 20, 2025

யோசப்,

மாட்டேன். கூடு உயரம், அதனால் வாசல் உயரம். வாசலுக்கு மேலே சுவர் எழும்ப வேண்டும், எழும்பிய சுவர் மொட்டையாக நிற்காமல் இருபுறமும் வளைந்து இறங்க வேண்டும். நீங்கள் அலங்காரம் என்று வெட்டியது அந்தோனியாரின் வழியை. முழு முகப்பும் கட்டுவதென்றால் இன்றைக்கே முத்திரை தருகிறேன். கதவு மட்டும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

நீ கை உயர்த்தியது இன்னும் எனக்கு நோகிறது.

ஆனாலும் அடுத்த திருவிழாவுக்கு வருவேன். முன்கம்பில் உன் பக்கத்தில் நின்று தூக்குவேன். வாசல் இப்படியே இருந்தால் கூட்டின் உச்சி அதன் மேல்நிலையில் முட்டும். "இறக்கடா றோய்" என்பாய்.

நான் இறக்க மாட்டேன்.

றோய்